தலையில் வெள்ளைப் புள்ளி

கோலார் தங்கவயலுக்கு அருகே ஒரு சிற்றூர். அது கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. சுரங்க வேலைக்காக வந்து தங்கியவர்கள் அவர்கள். 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது. பல வீடுகளில் பெண்கள் ஆடு, மாடு, கோழி என்று வளர்த்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு மாமியார், ஒரு மருமகள். மருமகளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அது மாமியாருக்குப் பெரிய குறை. "ரெண்டும் பொண்ணாப் பெத்து வச்சிருக்கா" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவாள். மருமகள் பதில் பேசமாட்டாள்.

வீட்டில் மூன்று பெட்டைக் கோழிகள் இருந்தன. மூன்றும் நாட்டுக் கோழிகள். உடம்பு முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். மாமியார் அவற்றை வரிக்கோழி என்பாள். நல்ல கோழிகள்தான். ஆனால் முட்டை குறைவு. கொஞ்ச நாள் இடும், பிறகு அடையில் உட்கார்ந்துவிடும்.

மருமகள் மாலையில் எழுத்தறிவு மையத்துக்குப் போய்ப் படிக்கக் கற்றவள். கலப்பினக் கோழி பற்றி ஒரு சிறு புத்தகத்தில் படித்தாள். மகளிர் குழுவில் கடன் வாங்கினாள். ஒரு சிவப்புச் சேவல் வாங்கி வந்தாள். ரோட் ஐலண்ட் ரெட் என்பது அந்த இனத்தின் பெயர். அமெரிக்காவில் உருவான இனம். அதன் பெட்டைகள் நாட்டுக் கோழியைவிட மிக அதிகமாக முட்டையிடும். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் ஓரளவு வரும் அல்லவா?

கடனை அடைக்க வேண்டும். சேவல் குஞ்சுகளை வளர்த்துக் கறிக்கு விற்கலாம். பெட்டைகளை முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை சேவல், எத்தனை பெட்டை என்று முன்னதாகவே தெரிந்தால் கணக்குப் போட வசதி.

சேவல் வந்த மறுவாரமே 12 முட்டைகளை அடை வைத்தார்கள். மாமியார் முட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள்.

"உருண்டை முட்டையா எடுடி. நீள முட்டைன்னா சேவலாப் போயிடும்."

"இந்தக் கோழி எப்பவும் நீள முட்டைதானே அத்தை இடுது? அப்படின்னா அதுக்குப் பெட்டைக் குஞ்சே பொறந்திருக்கக் கூடாதே?"

மாமியார் யோசித்தாள். போன வருடம் அந்தக் கோழிக்கு ஐந்து பெட்டைக் குஞ்சுகள். மருமகள் சொன்னது சரிதான். முட்டையின் வடிவம் அதை இடும் கோழியைப் பொறுத்தது. உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்பதற்கும் வடிவத்துக்கும் தொடர்பு இல்லை.

21ஆம் நாள் 10 குஞ்சுகள் பொரித்தன. 7 குஞ்சுகள் கறுப்பு. 3 பழுப்பு. வரிக்கோழியின் தாயோ பாட்டியோ பழுப்பாக இருந்திருக்கலாம். அந்த நிறம் இரண்டு தலைமுறை மறைந்திருந்து வெளியே வரும்.

மருமகள் கறுப்புக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். 4 குஞ்சுகளின் உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தது. பொட்டு வைத்தது போல. மற்ற 3 குஞ்சுகளுக்குத் தலை முழுக்கக் கறுப்பு. புத்தகத்தில் இருந்தபடி, புள்ளி உள்ளது சேவல், புள்ளி இல்லாதது பெட்டை. பழுப்புக் குஞ்சுகளில் புள்ளி சரியாகத் தெரியவில்லை. "பழுப்பு 3, பிறகு பார்க்க வேண்டும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். புள்ளி உள்ளவற்றின் காலில் சிவப்பு நூல் கட்டினாள். கால் தடிக்கத் தடிக்க வாரம் ஒருமுறை நூலைத் தளர்த்திக் கட்டினாள். மறந்தால் நூல் காலை இறுக்கி அறுத்துவிடும்.

7ஆம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட வந்தார். இதை இராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். வந்தால் ஒரு கூடைக் கோழியையும் காலி செய்துவிடும். மருந்துப் புட்டி ஒன்றில் 100 குஞ்சுகளுக்கு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவிலுள்ள எல்லாக் குஞ்சுகளையும் அந்த வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் ஒரு சொட்டு.

மாமியார் கேட்டாள்: "ஐயா, தலைப் புள்ளியப் பாத்து சேவல்னு சொல்றாளே, நெசமா?"

"உண்மைதான் அம்மா" என்றார் மருத்துவர். "சேவலும் பெட்டையும் ஆவதற்கு உடம்புக்குள் ஒரு ஜோடி இழை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சேவலுக்கு இரண்டும் பெரிய இழை. பெட்டைக்கு ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெட்டை ஒவ்வொரு முட்டையிலும் ஒன்றைத்தான் வைக்கும். பெரிய இழையை வைத்தால் சேவல் குஞ்சு. சிறியதை வைத்தால் பெட்டைக் குஞ்சு. கோடு போடும் குணம் பெரிய இழையில் மட்டும் இருக்கிறது. அதனால் உங்கள் வரிக்கோழி தன் கோட்டை மகனுக்கு மட்டும் தருகிறது. மகளுக்குத் தருவதில்லை. அந்தக் கோட்டின் அடையாளம்தான் தலைப்புள்ளி."

"அப்போ ஆணா பொண்ணாங்கறது தாய் கையிலதான் இருக்கு" என்றாள் மாமியார், மருமகளைப் பார்த்தபடி.

"கோழியில் அப்படி. மனிதரில் அது தலைகீழ் அம்மா. பெண்ணுக்கு இரண்டு இழையும் ஒரே மாதிரி. ஆணுக்குத்தான் இரண்டும் வேறு வேறு. குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருவதைப் பொறுத்தது. அதுவும் யாரும் நினைத்துச் செய்வது இல்லை."

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எம் புள்ளையா?" என்றாள். மருமகள் குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. கேழ்வரகும் அரிசி நொய்யும் கொடுத்தார்கள். கரையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். புள்ளி இல்லாத ஒன்றைப் பருந்து தூக்கிப் போனது. மீதி 9.

நிறம் மாறியதுதான் வேடிக்கை. கறுப்புப் பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்தபோது, புள்ளி வைத்தவற்றின் இறக்கையில் வெள்ளைக் கோடுகள் வந்தன. புள்ளி இல்லாதவை கறுப்பாகவே இருந்தன. கழுத்தில் மட்டும் சிவப்பு மின்னியது. பழுப்புக் குஞ்சுகளுக்கு ஆறாவது வாரம்வரை காத்திருந்தார்கள். ஒன்றுக்குக் கொண்டை சிவந்து பெரிதானது. இறகில் மங்கலான கோடும் தெரிந்தது. அது சேவல். மற்ற இரண்டின் கொண்டை சின்னதாக, வெளிறி இருந்தது. அவை பெட்டைகள். மூன்றாவது மாதம் சேவல்களுக்குக் கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் கூரான இறகு வந்தது. பெட்டைக்கு அந்த இறகு முனை மழுங்கி இருக்கும்.

சந்தை நாள் வந்தது. நூல் கட்டிய நான்கையும் மருமகள் கூடையில் போட்டாள். மாமியார் ஒன்றை வெளியே எடுத்தாள்.

"இது பெட்டைடி."

"தலையில புள்ளி இருந்துச்சே அத்தை! கோடும் இருக்கு."

"கொண்டையப் பாரு. இறகப் பாரு. எங்க கூரா இருக்கு?"

மாமியாரின் கண் தப்பவில்லை. அது பெட்டைதான். எப்படி? பக்கத்து வீட்டில் ஒரு வரிச்சேவல் உண்டு. சிவப்புச் சேவல் வருவதற்கு முன் அதுதான் இந்தப் பெட்டைகளோடு திரிந்தது. சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். அந்த முட்டை பழைய சேவலுடையது. தகப்பனுக்கே கோடு இருந்தால் மகளுக்கும் கோடு வரும். அப்போது புள்ளியை நம்ப முடியாது. சேவலுக்குக் கோடு இருக்கக் கூடாது, பெட்டைக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் இந்த அடையாளம் பலிக்கும். கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தாலும் பலிக்காது.

மூன்று சேவல்கள் சந்தைக்குப் போயின. பழுப்புச் சேவல் அடுத்த சந்தைக்கு. கடனில் பாதி அடைந்தது. ஆறாவது மாதத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. புள்ளி வைத்த பெட்டையும் இட்டது.

அடுத்த அடைக்கு மருமகள் அவசரப்படவில்லை. வலை கட்டி வரிக்கோழிகளைச் சிவப்புச் சேவலோடு தனியாக விட்டாள். மூன்று வாரம் கழித்துக் கிடைத்த முட்டைகளைத்தான் எடுத்து வைத்தாள். குஞ்சு பொரித்த அன்று மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கி, "புள்ளி... புள்ளி இல்ல... இதுக்கும் இல்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மருமகள் நோட்டில் எழுதினாள். பேத்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.