பாட்டு வீடியோ எடுக்கப் போறீங்களா?

கல்லூரி புராஜெக்டுக்கு மூன்று நிமிடப் பாட்டு வீடியோ என்றால், கேமராவைத் தேடும் முன் பிடித்த பாட்டு ஒன்றை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்தில் எத்தனை ஷாட் என்று நோட்டில் கோடு போடுங்கள். குளோசப்பா, தூரக் காட்சியா என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு ஒலியோடு பார்த்தால் காட்சி தாளத்தில் மாறுகிறதா என்பது பிடிபடும். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் நான்கு பீட்டுக்கு 2 விநாடி. ஷாட் நீளத்தை அதை வைத்தே திட்டமிடலாம்.

2011இல் வந்த 'கொலவெறி' வீடியோ பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே ஓடும். 2021இன் 'என்ஜாய் எஞ்சாமி' நிலத்தையும் கூட்டத்தையும் உடையையும் நம்பிய வீடியோ. கையில் காசில்லாதவர்களுக்கு முதலாவதுதான் பாடம் என்பேன்.

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் எடுப்பதானால், கடல் கிழக்கே என்பதை மறக்காதீர்கள். காலையில் கடலைப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துவிடும். முகம் வேண்டுமானால் பாடுபவர் கடலைப் பார்த்து நிற்கட்டும். இல்லையென்றால் மாலை நான்குக்கு மேல் வாருங்கள். படகு, வலைப் பக்கம் போகுமுன் அங்கிருக்கும் அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாசிமகத் தீர்த்தவாரி அன்று கூட்டக் காட்சி அருமையாகக் கிடைக்கும். வாயசைப்புக்கு அது நாளில்லை.

வாயசைப்பு எடுக்கும்போது பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிடுங்கள். போன் அந்த ஒலியையும் பதிந்துகொள்ளும்; எடிட்டிங்கில் பொருத்த அது போதும்.