ஜாக்கி தூக்கும், தாங்காது



நாம் எல்லோரும் வேனில் போகிறோம். கல்யாணத்துக்குப் போகிறோம். கோயிலுக்குப் போகிறோம். நம் பிள்ளைகள் வேனில் பள்ளிக்கூடம் போகிறார்கள். வழியில் டயர் பஞ்சர் ஆகிவிடும். அப்போது சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். அது சின்ன வேலைதான். ஆனால் அதில் கை போகலாம். உயிரும் போகலாம். அதனால்தான் இந்தப் பாடம்.

நடந்த கதை

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். இது கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. இங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்தன. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் உள்ளூரில் வண்டி ஓட்டுகிறார்கள்.

எங்கள் மையத்தில் ஓர் அண்ணன் படிக்கிறார். அவர் சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். நானும் அந்த வேனில் இருந்தேன். பேத்தமங்கலம் சாலையில் பின்பக்க இடது டயர் பஞ்சர் ஆனது.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். கியரில் நிறுத்தினார். முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். கல் சின்னது. அதுவும் ஒரு பக்கம் மட்டும்தான் வைத்தார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். பிறகு ஸ்டெப்னியை எடுத்தார். அதை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துத் தள்ளினார்.

அவருடைய மச்சான் சிரித்தார். "ஏன் மாமா, மாட்ட வேண்டிய சக்கரத்தைக் கொண்டுபோய் அடியில் வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்டா. புத்தகத்தில் படம் போட்டிருக்கு" என்றார் அண்ணன்.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒரு நட்டு கைதவறி வண்டிக்கு அடியில் உருண்டது. மச்சான் குனிந்து கையை உள்ளே விட்டார். அந்த நேரம் வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி 'டம்' என்று கீழே இறங்கியது.

வண்டி தரையில் விழவில்லை. ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்தது. கீழே ஏறக்குறைய ஆறு அங்குலம் இடைவெளி இருந்தது. மச்சான் கையை வெளியே இழுத்தார். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. ஸ்டெப்னி அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எல்லோருக்கும் அதே நினைப்புதான்.

வண்டி ஏன் விழுந்தது?

அடுத்த நாள் மையத்தில் இதைப் பற்றிப் பேசினோம். அண்ணன் மறைக்காமல் சொன்னார். "தப்பு என் மேலதான். ஹேண்ட் பிரேக் தளர்ந்து போய் ரொம்ப நாளாச்சு. கல்லும் சின்னது" என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆம்னி, ஈக்கோ போன்ற வேன்களில் எஞ்சின் பின் சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது. ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் அது காற்றில் சும்மா சுற்றும். அப்போது கியர் போட்டிருந்தாலும் வண்டி நகரும். ஹேண்ட் பிரேக்கும் தளர்ந்திருந்தால் பிடிப்பே இல்லை. சக்கரத்துக்கு வைத்த கல் மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

ஜாக்கியைப் பாருங்கள். அதன் அடி உள்ளங்கை அளவுதான். அது நேராக மேலே தூக்கும். வண்டி முன்னும் பின்னும் நகர்ந்தால் அது சாய்ந்துவிடும். ஜாக்கி தூக்கத்தான். தாங்க அல்ல. இதை மறக்காதீர்கள்.

சக்கரம் மாற்றும் முறை

1. சாலையை விட்டு நன்றாக ஓரம் வாருங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சரிவில் ஜாக்கி போடாதீர்கள். பஞ்சர் டயரோடு மெதுவாகக் கொஞ்ச தூரம் உருட்டினால் டயர் கெடும். பரவாயில்லை. டயர் வாங்கலாம். கை வாங்க முடியாது.

2. நான்கு பக்க விளக்குகளையும் மினுக்க விடுங்கள். சிவப்பு முக்கோணம் இருந்தால் வண்டிக்குப் பின்னால் 60, 70 எட்டு தள்ளி வையுங்கள். எல்லோரையும் இறக்குங்கள். அவர்கள் சாலைக்கு அப்பால் தள்ளி நிற்கட்டும். வண்டிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது.

3. ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். முதல் கியரில் அல்லது ரிவர்ஸ் கியரில் நிறுத்துங்கள். பிறகு மூலைக்கு மூலை உள்ள சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பின் இடது சக்கரத்தைத் தூக்கினால் முன் வலது சக்கரத்துக்கு முட்டு. முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல். பெரிய கல்லாக இருக்கட்டும். மரக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது.

4. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். அரைச் சுற்று போதும். முழுவதும் கழற்றாதீர்கள். தூக்கிய பிறகு பலம் போட்டுத் திருப்பினால் வண்டி ஆடும்.

5. ஜாக்கி வைக்கத் தனி இடம் உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். கண்ட இடத்தில் வைத்தால் தகரம் நசுங்கும், ஜாக்கி வழுக்கும். மண் இளகி இருந்தால் ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை போடுங்கள். செங்கல் வேண்டாம். செங்கல் நொறுங்கும்.

6. கொஞ்சம் தூக்கியதும் நிறுத்துங்கள். ஜாக்கி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் இறக்கி மீண்டும் வையுங்கள். ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். காலால் தள்ளாதீர்கள். வெளியே இருந்து கையால் விளிம்பைப் பிடித்துத் தள்ளுங்கள். பிறகு தேவையான அளவு மட்டும் தூக்குங்கள்.

7. நட்டுகளைக் கழற்றி ஒரு துணியில் வையுங்கள். சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து இழுங்கள். அடியில் விரல் வைக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளி, ஸ்டெப்னியை வெளியே எடுங்கள்.

8. ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் கையால் திருகுங்கள். எதிரெதிராகத் திருகுங்கள். நான்கு நட்டு இருந்தால் 1, 3, 2, 4 என்ற வரிசை. அடியில் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியை இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் ஸ்பானரால் அழுத்தி இறுக்க வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

ஏதாவது உருண்டு அடியில் போனால் கையை விடாதீர்கள். ஒரு குச்சியால் தள்ளி எடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை எதையும் ஜாக்கியை நம்பிச் செய்யாதீர்கள். அதற்கு இரும்பு ஸ்டாண்டு உண்டு. அது மெக்கானிக்கின் வேலை.

எண்களைப் படிப்போம்

அண்ணன் தன் வேன் புத்தகத்தை முன்பே மையத்துக்குக் கொண்டு வந்திருந்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் படமும் எண்ணும் எல்லோருக்கும் பொது. நாங்கள் கூடிப் படித்தோம். வண்டிக்கு அடியில் ஒரு மனிதன், மேலே பெருக்கல் குறி. அதன் பொருள்: போகாதே!

உங்கள் ஊர் வேனிலும் இவற்றைப் பாருங்கள்.

ஜாக்கியின் மேல் எடை எழுதியிருக்கும். 1 டன் என்றால் 1000 கிலோ. அதற்கு மேல் அது தூக்கக் கூடாது.

டயரின் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பழைய டயர் ஓடாமல் இருந்தாலும் கெடும். ஸ்டெப்னியின் எண்ணையும் படியுங்கள். அதில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உதவிக்கு 1033. யாருக்காவது அடிபட்டால் 112.

அக்கா கேட்ட கேள்வி

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். "நாங்க வண்டி ஓட்டுறது இல்லையே. எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?"

அண்ணனே பதில் சொன்னார். "அன்னைக்கு வேனில் ஒன்பது பேர் இருந்தோம். அக்கா, நீங்களும் இருந்தீங்க. கல் சின்னதா இருக்குன்னு நமக்கெல்லாம் தெரிஞ்சுது. ஒருத்தரும் சொல்லலை. நீங்க சொல்லியிருந்தா நான் பெரிய கல் தேடியிருப்பேன்."

அக்கா யோசித்தார். பிறகு சொன்னார். "இனிமே சொல்றேன். கல்லையும் நானே தேடிக் கொண்டாறேன்."

வண்டி ஓட்டுபவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். "கையை எடு" என்று ஒருவர் சொன்னால் போதும். ஒரு கை தப்பும்.

பேசுவோம்

1. மச்சானின் கை எதனால் தப்பியது?
2. கியர் போட்டிருந்தும் வண்டி ஏன் நகர்ந்தது?
3. உங்கள் ஊரில் ஜாக்கி சாய்ந்து விபத்து நடந்தது உண்டா? எதனால் நடந்தது?

எழுதுவோம்

1. சரியான சொல்லை எழுதுங்கள்: ஜாக்கி தூக்கும்; ............
2. முன் இடது சக்கரத்தைத் தூக்கினால் எந்தச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்?
3. ஒரு டயரில் 0822 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு செய்தது? எந்த வாரம்?
4. 1033, 112 ஆகிய எண்களைப் பெரிதாக ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேன் ஓட்டுநரிடம் கொடுங்கள்.