நாலரை மணி அலாரம்

அன்புள்ள கயல்,

உன் அம்மா நேற்று போனில் பேசியதில் பாதி உன்னைப் பற்றித்தான். பிளஸ் டூ வந்ததிலிருந்து நீ எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாயாம். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறாயாம். படித்தது எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது என்று அழுகிறாயாம். “பொறுப்பே இல்லை” என்றாள் அக்கா. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பன்னிரண்டரைக்குப் படுத்து, விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிற பெண்ணைப் பொறுப்பில்லாதவள் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த அலாரத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். போனில் சொன்னால் “சரி சித்தி, சரி சித்தி” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ தூங்குவது நாலு மணி நேரம். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வரையறுத்தது. உன் உடம்பு கேட்பதில் பாதியைத்தான் நீ கொடுக்கிறாய். மீதிப் பாதியை அது எரிச்சலாகவும் தலைவலியாகவும் மறதியாகவும் உன்னிடமே திருப்பி வசூலிக்கிறது.

“விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும்” என்று நம் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பொய் இல்லை. உன் பாட்டி வீட்டில் எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்படிப் படுத்தவர் நாலரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்ததாகக் கணக்கு. மனசு தெளிவாகத்தான் இருக்கும். நாம் என்ன செய்துவிட்டோம்? அந்தப் பழக்கத்தில் எழுந்திருக்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, படுக்கிற பாதியைக் கைவிட்டுவிட்டோம். டியூஷன் முடிந்து நீ வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அக்காவிடமும் சொல். இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்துதான் நமக்குத் தூக்கம் வருகிறது. பருவ வயதில் அது சுரக்கிற நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் வளரிளம் பிள்ளைகளின் தூக்கத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து இதை நிறுவினார். ஆகையால் ஒன்பது மணிக்கு உனக்குக் கொட்டாவி வராததும், காலையில் கண் திறக்க முடியாததும் சோம்பல் இல்லை. அது உன் வயதின் இயல்பு. இதைப் புரிந்துகொண்டுதான் கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. இங்கே ஸ்பெஷல் கிளாஸ் ஏழே முக்காலுக்கே ஆரம்பித்துவிடுகிறது. அதை நீயும் நானும் மாற்ற முடியாது. நாலரை மணி அலாரத்தை மாற்ற முடியும்.

படித்தது நிற்கவில்லை என்கிறாயே, அதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பகலில் படித்ததை மூளை இரவில் ஆழ்ந்த தூக்கத்தின்போது மறுபடி ஓட்டிப் பார்த்து, நிலையாக இருக்கும் இடத்துக்கு மாற்றிவைக்கிறது. மாவை அரைத்த கையோடு இட்லி ஊற்ற முடியாது, ஓர் இரவு அதைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். கரிம வேதியியலும் அப்படித்தான். பதினொரு மணிக்கு மேல் நீ படிக்கிற ஒவ்வொரு பக்கமும், மாலையில் படித்த பக்கம் பதிவதற்கான நேரத்தைத்தான் தின்கிறது.

அதனால் உன்னிடம் நான் கேட்பது இதுதான்: பத்தரைக்குப் படு, ஆறு மணிக்கு எழுந்திரு. ஏழரை மணி நேரம்தான் ஆகிறது. எட்டுகூட இல்லை. தேர்வு வருடத்தில் இதற்கு மேல் கேட்டால் நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கிக்கொள். ஆனால் மதியம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தால் அன்று இரவு தூக்கம் பிடிக்காது, திங்கட்கிழமை பாழாகும்.

போனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பேனா? ஆனால் திட்டப் போவதில்லை. திரையின் நீல வெளிச்சம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி அதற்கென்று கண்ணாடி விற்கிறார்கள், அதற்குக் காசைக் கொட்டாதே. என் கணிப்பில் வெளிச்சத்தைவிட உள்ளே ஓடுகிற விஷயம்தான் பெரிய கேடு. “அஞ்சே நிமிஷம்” என்று ரீல்ஸைத் திறக்கிறாய், ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நிறுத்தும் இடமே இல்லாமல்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கூடப் படிக்கிறவள் மாதிரித் தேர்வு மார்க்கை ஸ்டேட்டஸில் போட்டிருப்பதை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்? போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பாய். கடிகாரக் கடையில் சின்ன அலாரம் கடிகாரம் கிடைக்கும். வாங்கித் தரும்படி சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

காபியும் டீயும் அப்படித்தான். உள்ளே போன கஃபைனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். டியூஷனிலிருந்து வந்ததும் குடிக்கிற ஸ்ட்ராங் காபி நடுராத்திரியிலும் பாதி உடம்பிலேதான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வேண்டாம்.

இனி நர்ஸாகப் பேசுகிறேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாளே அக்கா, எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பத்துப் பெண்களில் ஆறு பேர்! எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும் எனக்கு அந்த எண் வியப்பாக இல்லை, வருத்தமாக இருக்கிறது. மாதாமாதம் ரத்தம் போகிறது, காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறார்கள், பதினோரு மணிக்கு ஒரு பப்ஸ், அதோடு டீ. இரும்புச்சத்து குறைந்தால் அசதி மட்டும் வராது. கவனம் சிதறும், காரணமே இல்லாமல் மனசு சோர்ந்துபோகும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் “படிப்பில் அக்கறை இல்லை” என்கிறார்கள்.

பள்ளியில் வாரத்துக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்களே, அதை என்ன செய்கிறாய்? ஜன்னல் வழியாகப் போடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடு. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படாதே. முருங்கைக்கீரையிலும் கம்பிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் செடிகளில் இருக்கிற இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே ஒரு நெல்லிக்காய், கொய்யா, இல்லை கொஞ்சம் எலுமிச்சை இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் வாசலைத் தாண்டாதே.

கோகோ விளையாடுவதை நிறுத்திவிட்டாய் என்று கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பி.டி. பீரியடையும் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறாராம். உலகச் சுகாதார நிறுவனம் உன் வயதுக்குச் சொல்வது சராசரியாக நாளைக்கு ஒரு மணி நேரம் உடல் உழைப்பு. 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகம் முழுதும் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஓடி வியர்த்த நாளில் மனசு லேசாக இருப்பது உனக்கே தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சனி, ஞாயிறு சாயங்காலமாவது மைதானத்துக்குப் போ. மற்ற நாட்களில் காலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்துகொண்டே உயிரியல் படி. காலை வெயில் பட்டால் உடம்பின் கடிகாரம் கொஞ்சம் முன்னே நகரும், இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படி. இவ்வளவையும் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, அழுகை நிற்காமல் வந்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்று ஒரு தடவை தோன்றினாலோ, அது தூக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அன்றைக்கே என்னைக் கூப்பிடு, நேரம் பார்க்காதே. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஜுரத்துக்கு மருந்து வாங்குவதற்கு நீ வெட்கப்பட்டதில்லையே.

அக்காவுக்கு இரண்டு வரி: பிள்ளை பத்தரைக்கு விளக்கை அணைத்தால் “அதுக்குள்ளயா?” என்று கேட்காதே. அந்த ஒரு கேள்விதான் அவளைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி வழிய வைக்கிறது. நீட் தேர்வில் ஒரு மார்க்கும் அதனால் கூடப் போவதில்லை.

கயல், இந்த வாரமே பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. இலவசம்தான். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று அர்த்தம். எவ்வளவு வந்தது என்று எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. குறைவாக இருந்தால் டாக்டரைப் பார்க்க நானே லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
சித்தி