எண்ணெய் எங்கே கசிகிறது?

முதலாளியின் கார் நின்ற இடத்தில் சிவப்புக் கறை. ஓட்டுநர் பயந்தார். எஞ்சின் எண்ணெய் என்றால் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். தானியங்கி கியர் பெட்டியின் எண்ணெய்தான் பெரும்பாலும் சிவப்பு. பழசானால் அதுவும் பழுப்பாகும். அது குறைந்தால் கியர் பிடிக்காது. பெட்டியே கெட்டுவிடும். செலவும் பெரிது.

"அடித்தட்டில் சொட்டுகிறது. அதன் கேஸ்கட்டை மாற்றலாமா?" என்றார்.

"சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு" என்றார் மெக்கானிக். "மேலே கசிந்து கீழே வழியும். ஓடும்போது காற்று பின்னால் தள்ளும்."

காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. உயிர் போகும்! அழுக்கை நன்றாகத் துடைத்தார். இறக்கி, சிறிது தூரம் ஓட்டிவரச் சொன்னார். மறுபடி தூக்கினார். சூடு ஆறியதும் விளக்குப் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஈரமாயிருந்தது, எண்ணெயைக் குளிரவைக்கும் குழாயின் இணைப்பு. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கேஸ்கட்டில் குறை இல்லை.

வளையத்தை மாற்றி, குறைந்த எண்ணெயை ஊற்றினார். மறுநாள் காலை தரை காய்ந்திருந்தது.