எக்ஸைத் தேட வேண்டாம்

என் மகன் தரம் 10. மற்றக் கணக்கெல்லாம் செய்வான். கேத்திரகணிதத்தில் 'எக்ஸின் பெறுமானம் காண்க' என்றால் பேனையை வைத்துவிடுகிறான். எப்படி உதவலாம்?
— ஒரு தாய், கல்லடி

கணக்குச் செய்யும் பிள்ளைதானே அம்மா, இதுவும் வரும். அவன் எக்ஸையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல். பத்து நாளைக்கு அதைத் தேடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரிந்த கோணம் எதுவானாலும் பென்சிலால் குறித்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதட்டும்.

இருசமபக்க முக்கோணியின் உச்சிக்கோணம் 40° என்று வையுங்கள். 180° இல் மிச்சம் 140°. அடிக்கோணங்கள் 70°, 70°. அடிப்பக்கத்தை நீட்டினால் புறக்கோணம் 110°. இப்படி நிரப்பிக்கொண்டு போனால் எக்ஸ் தானாகவே அகப்படும்.

சமாந்தரக் கோடுகளில் குழம்பினால், கோடு போட்ட கொப்பியில் குறுக்கே ஒரு சாய்கோடு கீறுங்கள். ஒரு கோணத்தை வெட்டியெடுத்து மற்றவற்றின் மேல் வைத்துப் பார்க்கட்டும். ஒத்த கோணமும் ஒன்றுவிட்ட கோணமும் அச்சொட்டாகப் பொருந்தும். கையால் பொருத்திப் பார்த்த பிள்ளை லேசில் மறக்காது.

பின்னேரங்களில் 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்துக்கும் கூட்டிப்போங்கள். சாய்ந்த இரும்புச் சட்டம் கிடைச்சட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு பக்கக் கோணத்தை 60° என்று நீங்கள் சொல்லுங்கள், மற்றப் பக்கத்தை அவன் சொல்லட்டும். பிழைத்தால் திட்டாமல், "ஏன் மகன் அப்படி நினைச்சாய்?" என்று மட்டும் கேளுங்கள்.