செருப்பைக் கழற்றினால் வைரஸ் வராதா?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட லேபிலோ தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரிலோ பழகியவர்கள் பலருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: செருப்பை வெளியே விட்டுவிட்டு வா. ஏன் என்று கேட்டால், "வைரஸ் வந்துடும்" என்று சொன்ன ஆசிரியர்களும் உண்டு. கணினி வைரஸ் யாரோ உட்கார்ந்து எழுதிய நிரல். பென்டிரைவில் வரும், மின்னஞ்சல் இணைப்பில் வரும், ஓசியில் இறக்கிய திருட்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும். செருப்பில் வருவது புழுதி. கணினிப் பெட்டிக்குள் சுற்றும் விசிறி அறைக்காற்றை உள்ளே இழுக்க, தூசியும் கூடவே போய்ப் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைக்கும். ஆக, கழற்றச் சொன்னதில் நியாயம் உண்டு. சொன்ன காரணம்தான் தப்பு. கணினிக்கு ஏசி கட்டாயம் என்பதும் அப்படித்தான். வீட்டுக் கணினிக்குக் காற்றோட்டம் இருந்தால் போதும், ஏசி நமக்கு.

செருப்பைப் பயபக்தியோடு வாசலில் விட்ட அதே மாணவர், ஊரெல்லாம் செருகி வந்த பென்டிரைவை ஒரு யோசனையும் இல்லாமல் உள்ளே செருகுவார். 2008இல் உலகம் முழுக்கப் பரவிய கான்ஃபிக்கர் பென்டிரைவ் வழியாகவும்தான் கணினிகளில் ஏறியது. புதிதாகப் பழகுகிறவர்களிடம் இந்தத் தலைகீழை எங்கும் பார்க்கிறேன்: ஒன்றும் ஆகாத இடத்தில் பயம், நிஜமாகவே ஏதாவது ஆகக்கூடிய இடத்தில் அசட்டை.

"தப்பான பட்டனை அமுக்கினா கெட்டுப்போயிடும்"

பணி ஓய்வுக்குப் பிறகு கணினி முன் உட்காருகிறவர்களின் விரல் விசைப்பலகைக்கு மேலேயே தயங்கி நிற்பது இந்தப் பயத்தால். எழுத்து விசைகளைத் தட்டித் தட்டி இயந்திரத்தைக் கெடுத்துவிட முடியாது. எழுதிய பத்தி திடீரென்று காணாமல் போனால், கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டுங்கள், திரும்பி வரும். கோப்பை டெலீட் செய்துவிட்டீர்களா? ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். ரைட் கிளிக் செய்து ரிஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். முகப்புத் திரையில் வளைந்த அம்புக்குறியோடு இருக்கும் படம் வெறும் ஷார்ட்கட். அதை அழித்தால் மென்பொருள் அழியாது.

பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. பென்டிரைவில் இருக்கும் கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டெலீட் கொடுத்தாலும் அப்படியே. அதைவிடப் பெரியது சேவ். கைபேசியில் எழுதுவதெல்லாம் தானாகவே பதிவாகிப் பழகியவர்கள், வேர்டிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். வேர்டின் தானியங்கிச் சேமிப்பு, கோப்பு ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். நம் வன்வட்டில் இருக்கும் கோப்புக்கு, வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துவைக்கும் அவசரப் பிரதி மட்டும்தான் துணை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் இந்தப் பாடம் தானாகவே மனதில் பதியும். கன்ட்ரோல் எஸ் பழகுங்கள்.

"ரிஃப்ரெஷ் கொடுத்தா ஸ்பீடாகும்"

ஆகாது. கணினியை ஆன் செய்ததும் ரைட் கிளிக், ரிஃப்ரெஷ், ரைட் கிளிக், ரிஃப்ரெஷ் என்று சந்தியாவந்தனம் போலச் செய்கிறவர்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். திரையில் உள்ள படங்களை மறுபடி வரைந்து காட்டுவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. மந்தமாக இருந்தால் ரீஸ்டார்ட் கொடுங்கள். "ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டுத்தானே போனேன்" என்பார்கள். விண்டோஸ் 8 தொடங்கி, பெரும்பாலான கணினிகளில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. மறுநாள் சீக்கிரம் விழிப்பதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் தூங்கும். புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். சர்வீஸ் ஆள் போனிலேயே "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பது தட்டிக்கழிக்க அல்ல.

"மொபைல் தெரிஞ்சா கம்ப்யூட்டர் தானா வந்துடும்"

இது பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சொல்வது. ரீல்ஸ் வெட்டி ஒட்டி இசை சேர்த்துப் போடும் பையன், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இ-சேவை மையத்தில் பணம் கொடுத்துக் காத்து நிற்கிறான். படமும் கையெழுத்தும் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று படிவம் கேட்கிறது. அவனுக்கு அது புரியவில்லை. அவன் மேல் தப்பில்லை. கைபேசி, படங்களைக் கேலரியில் காட்டும், வந்த ஆவணத்தை வாட்ஸ்அப்பிலேயே திறந்து காட்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. மேசைக் கணினியோ புதிய கோப்பை முதல்முறை சேவ் செய்யும்போது கேட்கிறது: என்ன பெயர், எந்த ஃபோல்டர்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரைப் பாதிக் கணினி கற்றவர் என்பேன். மீதியை விண்டோஸோடு வரும் பெயின்ட்டிலேயே பழகலாம்: படத்தைத் திறந்து, ரீசைஸ் கொடுத்து, ஜேபெக்காக வேறு பெயரில் சேமித்து, கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். முதல் தடவை அளவு சரியாக வராமல் போகலாம், இரண்டாம் தடவை வந்துவிடும்.

மவுஸ் வசப்படாத பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. டபுள் கிளிக்கின் வேகத்தை செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளலாம். சீட்டு விளையாடுங்கள், யாராவது முறைத்தால் முறைக்கட்டும். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சாலிட்டேர் என்ற சீட்டாட்டம் வந்தபோது, பிடித்து இழுத்து விடும் பழக்கம் பலருடைய கைக்கு அதன் வழியாகத்தான் வந்தது.

"இங்கிலீஷ் தெரியாம எப்படி?"

மெனுவில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தான், அவை பழகப் பழக வந்துவிடும். எழுதுவதைத் தமிழிலேயே எழுதலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய தமிழ்க் கோப்பு வீட்டில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கன்னாபின்னாவென்று தெரிந்தால், "வைரஸ்" என்று அழித்துவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறிகள்தான், தமிழ் முகமூடியை மாட்டிவிடுவது எழுத்துரு. அந்த எழுத்துருவை நிறுவினாலோ யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டினாலோ தமிழ் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. கடைக்காரரிடமும் யூனிகோடிலேயே கேளுங்கள்.

கடைசியாக, யாரும் பயப்படாத ஓரிடம்: பிரவுசிங் சென்டர். ஆதாரைப் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கிறோம், எடுத்ததும் ஜன்னலை மூடிவிட்டுக் கிளம்புகிறோம். மூடினால் வெளியேறியதாக ஆகாது. கோப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். மேலே நான் பயமுறுத்திய ஷிஃப்ட் டெலீட் இங்கேதான் வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? பரவாயில்லை. கைபேசியில் வாட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்தக் கடைக் கணினி இன்னும் அதில் இருந்தால், அங்கிருந்தே லாக்அவுட் செய்துவிடலாம்.