ஆநிரையும் அருள்வாக்கும்

நுழையும்முன்

எழுத்துத் தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மனிதர் தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை கல்லும் எலும்பும் சாம்பலுமே. அவற்றைக் கொண்டு அவர்தம் உணவையும் கருவிகளையும் அறிந்துகொள்ளலாம். அச்சத்தையும் நம்பிக்கையையும் அறிவது அரிது. மந்தை மேய்த்தும் ஆநிரை கவர்ந்தும் வாழ்ந்தோரையும், அவர்களிடையே தெய்வமேறி வாக்குரைத்தோரையும் இலக்கியம் எவ்வாறு கண்டது என்பதை இப்பாடம் பேசுகிறது.

வால்கா ஆற்றங்கரையில்

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைக் கதையாக்கிய நூல்களுள் தமிழ் வாசகர் நன்கறிந்தது ‘வால்காவிலிருந்து கங்கை வரை’. இதனை இந்தியில் எழுதியவர் ராகுல் சாங்கிருத்தியாயன் (1893–1963). விடுதலைப் போராட்டக் காலத்தில் ஹசாரிபாக் சிறையில் இருந்தபோது, 1942-இல் அவர் இந்நூலை எழுதினார். இதனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கண. முத்தையா. கி.மு. 6000-இல் தொடங்கி 1942 வரை நீளும் இருபது கதைகள் இதில் உள்ளன.

முதற்கதை ‘நிஷா’. வால்காவின் கரையெங்கும் பனி மூடிக் கிடக்கிறது. ஒரு குகை, அதில் ஒரு கூட்டம், கூட்டத்திற்குத் தலைவி ஒரு தாய். உணவு தீர்ந்துவிட்டது. குகையொன்றில் உறங்கும் கரடிகளை வேட்டையாடச் செல்கின்றனர். திரும்பும் வழியில் ஓநாய்கள் தாக்குகின்றன. பிழைத்து வந்தவர்களிடையே பின்னர்த் தலைமைப் போட்டி எழுகிறது. தாயும் மகளுமே போட்டியாளர்கள். இறுதியில் இருவரையும் ஆறு கொண்டுபோகிறது. அடுத்துவரும் கதைகளில் வேட்டையாடிகள் மந்தை மேய்ப்பவராகின்றனர். குதிரையும் ஆடும் மாடும் செல்வமாகின்றன. தாயின் தலைமை மறைந்து ஆண்மகனின் தலைமை தோன்றுகிறது.

இக்கதைகளில் கற்பனை எவ்வளவு, சான்று எவ்வளவு என்று கேட்டுப் படிக்கவேண்டும். ‘நிஷா’ என்பது இரவைக் குறிக்கும் வடசொல். கி.மு. 6000-இல் வால்கா கரையில் அப்பெயர் வழங்கியதற்குச் சான்றில்லை. ஆசிரியர் தம் கொள்கைக்கு ஏற்ப அதனை இட்டுக்கொண்டார். ஆயினும் பசி, குளிர், விலங்கு ஆகியவற்றிடையே ஒரு கூட்டம் உயிர் பிழைத்தாகவேண்டிய நிலையை அவர் காட்டும் விதத்தில் நம்பகம் இருக்கிறது. அக்கூட்டம் எதனை வணங்கியது, நோயுற்றால் யாரை நாடியது என்ற வினாக்களுக்குக் கல்லும் எலும்பும் நேரடியாக விடை தருவதில்லை.

சாம்பல் மேடும் கற்கோடரியும்

சில இடங்களில் விடையின் சாயல் மட்டும் கிடைக்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் பெரிய சாம்பல் மேடுகள் காணப்படுகின்றன. தெலங்கானாவின் உட்னூரில் இருந்த அத்தகைய மேடொன்றைத் தொல்லியலாளர் எஃப். ஆர். ஆல்சின் அகழ்ந்தார். அது புதிய கற்கால மாட்டுப்பட்டி என்பது தெரியவந்தது. வேலி நட்ட குழிகளும் மாட்டின் குளம்புத் தடங்களும் அங்கே இருந்தன. சாணம் மலைபோலக் குவிந்து, மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்டிருந்தது. எரிந்தது விபத்தால் அன்று. மாடுகளை நெருப்பின் வழியே ஓட்டும் சடங்குபோல ஒன்று அங்கே ஆண்டுதோறும் நிகழ்ந்திருக்கலாம் என்று ஆல்சின் கருதினார். குளம்புத் தடம் சான்று, சடங்கு ஊகம். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

நம் பகுதிக்கு வருவோம். திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் நடந்த அகழாய்வு, புதிய கற்கால மக்கள் குழிவீடுகளில் வாழ்ந்து பயறும் கொள்ளும் உண்டதைக் காட்டியது. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் மெருகேற்றிய கற்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைப் பொறுக்கிக் கொணர்ந்து பிள்ளையார் கோயில்களில் வைத்திருந்ததைப் பிரித்தானியர் காலத்து ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். செய்தவர் மறைந்தனர், செய்த காரணமும் மறந்தது, கருவி மட்டும் தெய்வத்தின் முன் சென்று சேர்ந்தது.

செவ்வாய்ச் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை ஆனதுபோல, ஆடுமாடு அடைத்த இடத்தின் பெயரே பல ஊர்களின் பெயரில் ஒட்டிக்கொண்டது. ‘பட்டி’ என்னும் சொல் இன்றும் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆட்டை அடைக்கும் வேலியையும் குறிக்கிறது, சிற்றூரையும் குறிக்கிறது. மேச்சேரி செம்மறி இன்றும் இம்மண்ணுக்குரிய ஆட்டினமாக அறியப்படுகிறது. மேய்ச்சல் வாழ்வு இங்கே பழங்கதை ஆகிவிடவில்லை.

சாலினி உரைத்தது

தெய்வமேறி வாக்குரைக்கும் ஒருவரைத் தமிழ் இலக்கியம் நேருக்கு நேர் காட்டும் இடம் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை செல்லும் வழியில் கொற்றவை கோயிலில் தங்குகின்றனர். அங்கே எயினர் குடியில் பிறந்த சாலினியின்மேல் தெய்வம் ஏறுகிறது. மயிர் சிலிர்க்கக் கைகளை உயர்த்தி அவள் ஆடுகிறாள்.

அவள் வாயிலிருந்து முதலில் வருவது எது என்பதைக் கவனித்தல் வேண்டும். வானுலகச் செய்தியை அவள் உரைக்கவில்லை. பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிவிட்டது, நம் மன்றமோ வெறுமையாகக் கிடக்கிறது, எயினரும் வீரம் அடங்கிப் போயினர், கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாவிடின் அவள் வெற்றி தரமாட்டாள் என்பதே அவள் உரையின் பொருள். ஆநிரை கவர்தலையே வாழ்வாகக் கொண்ட ஒரு குடிக்கு உணவு குறைந்திருக்கிறது. அக்குறையை ஊரார் ஒருவரோடொருவர் பேசினால் அது முணுமுணுப்பு; சாலினி பேசினால் ஆணை. பசியும் தெய்வமும் ஒரே நாவில் பேசுகின்றன. ஓர் இனக்குழு உயிர்வாழ்வதில் அருள்வாக்கு என்ன பணி செய்தது என்பதை இளங்கோவடிகள் இச்சிறு காட்சியில் காட்டிவிடுகிறார்.

பின்னர்ச் சாலினி கண்ணகியைக் காண்கிறாள். கால் நோகக் கணவனருகில் அமர்ந்திருக்கும் அப்பெண்ணைக் கொங்கு நாட்டுக்கும் குடமலைக்கும் தென்தமிழுக்கும் உரியவளாக வாழ்த்துகிறாள். கண்ணகி நாணி, இம்மூதாட்டி மயக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று கூறிக் கணவன் பின்னே ஒதுங்கிப் புன்முறுவல் செய்கிறாள். கேட்டவளே நம்பாத வாக்கு அது. வஞ்சிக்காண்டம் படித்தவர்க்கு அது பலித்த கதை தெரியும். நம்புவதையும் நம்பாமையையும் ஒரே காட்சியில் அருகருகே வைத்துவிட்டு, எதற்கும் பரிந்து பேசாமல் ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

தெரிந்து தெளிவோம்

தெய்வமேறி நோய் தீர்ப்பவரையும் வருவது உரைப்பவரையும் மானிடவியலார் ‘ஷாமன்’ என்பர். சைபீரியாவில் கலைமான் மேய்க்கும் எவங்கி மக்களின் மொழியிலிருந்து ரஷ்யர் வழியாக உலக மொழிகளில் பரவிய சொல் இது. தமிழில் இதற்கு இரவல் சொல் தேவைப்படவில்லை. வேலன், கட்டுவிச்சி, சாலினி, தேவராட்டி, சாமியாடி, கோடங்கி எனக் காலந்தோறும் நம்மிடம் பெயர்கள் உண்டு. வேலன் கழங்கினை இட்டுக் குறி பார்ப்பான். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்வாள். கோடங்கி உடுக்கை அடித்துப் பாடுவார்.

ஆயர்பாடியில் உறையாத பால்

ஆயரிடையே குறி பார்த்தலுக்குத் தெய்வமேறியவர் தேவைப்படாத இடமும் உண்டு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி வணங்கி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆய்மகள் ஒருத்தி, குளிரில் தோள்களை அணைத்துக்கொண்டு, தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆறுதல் கூறுகிறாள். தாய்ப்பசுக்கள் இப்போதே வந்துவிடும் என்று அவள் இயல்பாகச் சொன்னதை, போருக்குச் சென்ற தலைவன் திரும்பிவருவான் என்பதற்கான நற்சொல்லாக அவர்கள் கொள்கின்றனர்.

மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியின் வீட்டில் நிலைமை வேறு. குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வழிகிறது. ஆட்டுக்குட்டி துள்ளாமல் சோர்கிறது. பசுக்கள் நடுங்க, கழுத்து மணி அறுந்து விழுகிறது. இவை யாவும் ஓர் ஆயர்குடிப் பெண் விடியலில் தொழுவத்தில் காணக்கூடியவை. ஒரு குடி எதனை நம்பி வாழ்கிறதோ அதிலேயே அதன் அச்சமும் முதலில் தோன்றும். வரவிருக்கும் தீங்கைத் தடுக்க எழுவர் கைகோத்துக் குரவை ஆடுகின்றனர். ஆடல் முடிகிறது. கோவலன் கொலையுண்ட செய்தியே வந்து சேர்கிறது.

களத்தில் தளர்ந்த பெண்

குறிஞ்சி நிலத்து வெறியாட்டு அகப்பாடல்களில் பலமுறை பேசப்படுகிறது. தலைவி காதலால் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று வேலனை அழைக்கின்றனர். புதுமணல் பரப்பிக் களம் அமைக்கின்றனர், காந்தள் சூடி வேலன் ஆடுகிறான், இசைக்கருவிகள் முழங்குகின்றன, ஆட்டுக்குட்டியை அறுத்து அதன் குருதி கலந்த தினையைப் பலியாகத் தூவுகின்றனர். மந்தையின் மிக இளைய உயிர் மகளின் நோய்க்கு விலையாகிறது.

சங்கப் புலவர்கள் இச்சடங்கை வருணித்ததோடு நின்றுவிடவில்லை. தோழி உண்மையை அறிவாள். ‘வெறி விலக்கல்’ என்று ஒரு துறையே இருக்கிறது. நற்றிணைப் பாடலொன்றில் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனிடமே வழக்குரைக்கிறாள்: நோயின் காரணம் நீ அல்லை என்று தெரிந்தும் வெறிக்களத்திற்கு வந்தாயே, கடவுளேயாயினும் உனக்கு அறிவில்லை என்கிறாள். இவ்வளவு துணிச்சலான பேச்சைச் செய்யுளில் காண்பது எளிதன்று. வெறியாட்டைப் பாடியதனாலேயே பெயர் பெற்ற புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்றுப் பாடலொன்றில், வெறியாடிய இரவிலேயே தலைவன் காவலரை மறைத்து வந்து தலைவியைத் தழுவுகிறான். நோய் தீர்கிறது. பெருமை வேலனுக்குச் சேர, தலைவி தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். பின்னர்த் தோழி அறத்தொடு நிற்பாள், உண்மை செவிலியிடமும் நற்றாயிடமும் சேரும், மணம் கூடும்.

இதே காட்சி இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் வருகிறது. மேய்ச்சல் வாழ்வைக் கூறும் தற்காலப் புதினங்கள் பல. இராமநாதபுரத்திலிருந்து காவிரிப் படுகைக்குக் கிடை ஓட்டிச் செல்வோரைப் பற்றியது சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’. திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுகளில் பண்ணையத்தில் கட்டுண்டு ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றியது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக அமைந்த குறும்புதினம் கி. ராஜநாராயணனின் ‘கிடை’.

கரிசல் காட்டில் பல வீட்டு ஆடுகளும் சேர்ந்த ஒரு கிடை. காவல் தவறியதால் ஆடுகள் பருத்திக் காட்டை மேய்ந்து அழித்துவிடுகின்றன. ஊர்ப் பெரியவர்கள் தடம் பார்த்து, சாட்சி கேட்டு விசாரிக்கின்றனர். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இளைஞனும் ஒரு பெண்ணும் அந்நேரம் தனித்திருந்தனர் என்பது வெளிப்படுகிறது. அவன் மேற்குடியினன், அவள் ஒடுக்கப்பட்ட குடியினள். அழிந்த பருத்திக்கு ஈடு உண்டு, அவளுக்கு இல்லை. அவனுக்கு வேறிடத்தில் மணம் நடக்கிறது. மனமுடைந்து கிடக்கும் அவளைப் பேய் பிடித்துவிட்டது என்கின்றனர். கோடங்கியின் உடுக்கை ஒலிக்கத் தொடங்குகிறது.

வெறிக்களத்துத் தலைவியையும் கிடைக்காட்டுப் பெண்ணையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவர் நோயும் ஒன்று. இருவரைச் சூழ்ந்தவரும் காரணத்தைத் தெய்வத்திடமோ பேயிடமோ தேடுகின்றனர். ஆனால் சங்கப்பாடலில் உண்மையை அறியாமல் சடங்கு நடக்கிறது. கிடையில் உண்மையை அறிந்த பின்பே நடக்கிறது. முன்னவளுக்குத் தோழி இருந்தாள். பின்னவளுக்காக அறத்தொடு நிற்க அவ்வூரில் எவருமில்லை. ‘கிடை’யைப் படிக்கும் நாம் மட்டுமே உடுக்கை எதற்காக ஒலிக்கிறது என்று தெரிந்தவராக நிற்கிறோம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கண்டு, ஆட்டின் நோய்களுக்கும் பட்டியின் பகுதிகளுக்கும் அவர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுக. அச்சொற்களில் பத்தையேனும் பயன்படுத்தி, சேர்வராயன் மலையடியில் கற்கோடரி ஏந்தி வாழ்ந்த ஒரு மேய்ச்சல் குடியின் ஒருநாளைக் கதையாக்குக. கதையில் சான்றுள்ள செய்திகளை அடிக்கோடிடுக. எஞ்சியவை உங்கள் கற்பனை.